நான்கு ஸ்வரம், ஒரு லைட்டர்: சிட் பாரெட்டின் தடத்தில் லண்டனும் கேம்பிரிட்ஜும்

முதல் நாள்: ரீஜன்ட் ஸ்ட்ரீட், டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு

பிங்க் ஃப்ளாய்ட் என்ற ஆங்கில ராக் குழு என்றதும் பலருக்கு நினைவில் வருவது, எழுபதுகளில் அதன் ஆல்பங்களோடு வந்த முப்பட்டகமும் சுவரும் பறக்கும் பன்றியும்தான். இந்த மூன்றும் வருவதற்கு முன்பே, குழுவின் தொடக்ககாலப் பாடகரும் கிட்டார் கலைஞருமான சிட் பாரெட் போய்விட்டார். அவர் விலகிவிட்டார் என்று குழு அறிவித்தது 1968 ஏப்ரல் 6-இல். அவர் முழுமையாக ஈடுபட்ட ஆல்பம் ஒன்றே ஒன்று. ஆனாலும் அடுத்த ஏழெட்டு ஆண்டுகள் அந்தக் குழு எதை வாசித்தாலும் ஏதோ ஒரு மூலையில் அவர் தட்டுப்படுவார். பாதி அவர் விட்டுப்போன கருவிப் பழக்கமாக, மீதி அவரைப் பற்றிய பாட்டாக. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் இடங்களை வரிசைப்படுத்தினால் லண்டனில் மூன்று நாள், கேம்பிரிட்ஜில் இரண்டு நாள் ஆகும்.

ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் நிலையத்தில் இறங்கி ரீஜன்ட் ஸ்ட்ரீட்டில் வடக்கே ஐந்து நிமிடம் நடந்தால் 309-ஆம் எண் கட்டடம். இன்று வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகம், அன்று ரீஜன்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக். குழுவின் மற்ற உறுப்பினர்களான ரோஜர் வாட்டர்ஸ் (பேஸ் கிட்டார்), நிக் மேசன் (டிரம்ஸ்), ரிச்சர்ட் ரைட் (கீபோர்டு) மூவரும் 1962-இல் கட்டடக்கலை படிக்க வந்து சந்தித்தது இங்கே. 2015-இல் வாட்டர்ஸும் மேசனும் வந்து நினைவுப் பலகையைத் திறந்துவைத்தார்கள். பாரெட் இங்கே படித்தவர் இல்லை. 1964-இல் கேம்பர்வெல் ஓவியப் பள்ளிக்காக லண்டன் வந்தவர், கேம்பிரிட்ஜ் பழக்கத்தில் வாட்டர்ஸுடன் சேர்ந்தார். பாரெட்டைக் குழுவின் நிறுவனர்களில் ஒருவர் என்பார்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மாணவர் குழுவில் பிறகு சேர்ந்தவரை நிறுவனர் என்பது எப்படி என்று கேட்கலாம். பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க ப்ளூஸ் பாடகர்களின் பெயரை ஒட்டிக் குழுவுக்குப் பெயர் வைத்தவர் அவர். அதுவரை அடுத்தவர் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தவர்களுக்குச் சொந்தப் பாட்டு எழுதிக் கொடுத்தவரும் அவர். குழு என்று ஒன்று பிறந்தது அப்போதுதான்.

அங்கிருந்து கிழக்கே இருபது நிமிட நடை, டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு 31. 1966 டிசம்பர் 23 இரவு இங்கே ஒரு நிலவறை நடன அரங்கில், பிங்க் ஃப்ளாய்ட் வாசித்த யூஃபோ கிளப் தொடங்கியது. பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். பார்க்க ஒன்றும் இல்லை, படம் எடுக்கவும் ஒன்றும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டே போங்கள், ஏமாற்றம் இருக்காது. நாட்டிங் ஹில்லில் அவர்கள் வாசித்த ஆல் செயின்ட்ஸ் ஹாலும் இடிபட்டதுதான், அதற்காகத் தனியாக அலைய வேண்டாம்.

இங்கே நின்று யோசிக்க வேண்டியது அந்த அறையின் தொழில்நுட்பத்தை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வண்ண மையை விட்டு ஸ்லைடு புரொஜெக்டரில் சொருகுவார்கள். பல்பின் சூட்டில் மை கொதித்து, குமிழ் குமிழாக நகர்ந்து, வாசிப்பவர்கள் மேல் விழும். சூடு மீறினால் தகடு விரிசல் விடும், மை காய்ந்தால் அசைவு நின்றுபோகும். அதனால் ஒரு ஆள் பக்கத்திலேயே இருந்து தகடு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாரெட் தன் ஃபெண்டர் எஸ்கொயர் கிட்டாரின் உடலில் வட்டவட்டமான பளபளக்கும் உலோகத் தகடுகளை ஒட்டியிருந்தார். மேலே விழுந்த வெளிச்சம் அதில் பட்டுக் கூட்டத்தின் மீது திரும்பும். பாடகன் முகம் தெரியாத, வெளிச்சமே நடிக்கும் மேடை அது. முகத்தைக் காட்டாமல் ஒளியைக் காட்டுவது என்ற பிங்க் ஃப்ளாய்டின் ஆயுட்காலக் கொள்கை இந்த நிலவறையில் பிடித்த பழக்கம்.

இரண்டாம் நாள்: சவுத் பேங்க், சவுத் கென்சிங்டன், செல்சி

காலையில் வாட்டர்லூ நிலையம், அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் குவீன் எலிசபெத் ஹால். திறந்து சில வாரங்களே ஆன அரங்கில் 1967 மே 12 அன்று குழுவின் ‘கேம்ஸ் ஃபார் மே’ நிகழ்ச்சி நடந்தது. சோப்புக் குமிழும் பூவும் விட்டதில் இருக்கைகள் கறைபட, அரங்க நிர்வாகம் குழுவுக்குத் தடை விதித்தது. அந்தக் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். முக்கியமான விஷயம் வேறு. அன்றைக்குத்தான் அரங்கின் நான்கு மூலையிலும் ஒலிபெருக்கி வைத்து, ஒரே ஒரு கைப்பிடியால் சத்தத்தைச் சுற்றிச் சுற்றி அனுப்பினார்கள். அந்தப் பெட்டிக்குப் பெயர் அசிமுத் கோ-ஆர்டினேட்டர். இசைத்தட்டு நிறுவனமான ஈ.எம்.ஐ.யின் ஸ்டூடியோப் பொறியாளர் பெர்னார்ட் ஸ்பெய்ட் செய்தது. உள்ளே நான்கு ரியோஸ்டாட் (மின்தடையைக் கூட்டிக் குறைக்கும் கருவி), மூலைக்கு ஒன்று. கைப்பிடியை நேராக நிறுத்தினால் நான்கிலும் சமமான சத்தம், சாய்த்தால் அந்தப் பக்கம் மட்டும். நிகழ்ச்சி முடிந்ததும் முதல் பெட்டி திருடுபோனது. பிறகு செய்த பெட்டி விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. சேகரிப்பில் இருப்பது வேறு, காட்சியில் இருப்பது வேறு. சவுத் கென்சிங்டன் கிளம்புமுன் அருங்காட்சியக வலைத்தளத்தில் ஒருமுறை தேடிவிடுங்கள்.

சவுத் கென்சிங்டனிலிருந்து தெற்கே கால் மணி நேரம் நடந்தால் செல்சி, ஓல்டு சர்ச் ஸ்ட்ரீட். பழைய பால்பண்ணைக் கட்டடத்தின் சுவரில் மாட்டுத் தலைச் சிற்பம் இன்னும் இருக்கிறது, அதுதான் அடையாளம். சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டூடியோ இங்கேதான் இயங்கியது. முதல் சிங்கிள் ‘ஆர்னால்ட் லேன்’ ஜோ பாய்ட் தயாரிப்பில் இங்கே பதிவாகி 1967 மார்ச்சில் வந்தது. கொடியில் காயும் பெண்களின் துணியைத் திருடுகிறவனைப் பற்றிய பாட்டு. கேம்பிரிட்ஜில் நிஜமாகவே நடந்த திருட்டு அது. ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் சேர்ந்த பிறகு ‘சீ எமிலி ப்ளே’ பாட்டை நிறுவனத்தின் சொந்த ஸ்டூடியோவிலேயே பதிவு செய்யப் பார்த்தார்கள். முந்தைய பாட்டின் ஒலி வரவில்லை. திரும்பவும் இந்தப் பால்பண்ணைக்கே வந்து முடித்தார்கள். அந்த வகையில் பெரிய ஸ்டூடியோவை ஒரு சின்ன அறை ஜெயித்தது.

கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு இந்த இரண்டு பாட்டும் பாடப்புத்தகம். ‘எமிலி’யில் தந்தி மேல் வழுக்கும் அந்தச் சத்தம் பிளாஸ்டிக் அளவுகோலால் வந்தது என்பார்கள். மேடையில் அவர் கையில் இருந்தது ஜிப்போ லைட்டர். செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு நடைமுறை:

எஸ்கொயரில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்) ஒன்றே ஒன்று, அதுவும் உடல் பக்கம் தந்திகளைத் தாங்கும் பாலத்தருகே. அதனால் சத்தம் மெலிதாக, கூர்மையாக இருக்கும். வேறு கிட்டார் என்றால் பாலத்தருகே உள்ள பிக்கப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள். லைட்டரின் தட்டைப் பக்கம் தந்தியைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. அழுத்தினால் தந்தி ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டு) இடித்துக் கடகடக்கும். தந்தி உயரம் குறைவாக வைத்த கிட்டாரில் இது நிச்சயம் சொதப்பும், முதல் தந்தி 11 அளவிலாவது (0.011 அங்குலத் தடிமன்) இருந்தால் தாங்கும். லைட்டருக்குப் பின்னால் தந்தி தானாக அதிர்ந்து இரைச்சல் போடும், அதை அடுத்த விரலால் லேசாக அணைக்க வேண்டும். சுருதியைத் துல்லியமாகத் தேட வேண்டாம். அவர் ஸ்வரத்தில் போய் நிற்பதில்லை, இரண்டு ஸ்வரத்துக்கு நடுவிலேயே திரிவார்.

மீதி வேலை எக்கோ என்ற எதிரொலிக் கருவியுடையது. அவர் வைத்திருந்தது இத்தாலியில் செய்த பின்சன் எக்கோரெக். நாடாவுக்குப் பதில் காந்தப் பதிவு ஏற்கும் உலோக உருளை சுழலும். அதன் விளிம்பில் ஒரு பதிவுத் தலை, நான்கு வாசிப்புத் தலை. எந்தத் தலை எப்போது என்று தேர்ந்தெடுக்க 12 நிலைத் திருகு. உருளையின் வேகம் மாறாது என்பதால் இடைவெளியும் மாறாது. அதிகபட்சம் ஏறத்தாழ 300 மில்லிசெகண்ட், அதன் கால், அரை, முக்கால். டிஜிட்டல் பெடலில் இந்த நான்கு அளவையும் வைத்து, மூன்று நான்கு முறை திரும்பும்படி விட்டால் கிட்டத்தட்ட அங்கே போய்ச் சேரலாம். அதற்கு மேல் திரும்ப விட்டால் ஸ்லைடின் வழுக்கல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கூழாகிவிடும். பழைய எக்கோரெக் கிடைத்தாலும் உடனே காசை நீட்டாதீர்கள். உருளையை ஓட்டும் ரப்பர் சக்கரம் பல ஆண்டு ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் தட்டையாகிவிடும், ஒவ்வொரு சுற்றுக்கும் சுருதி ஆடும். தலைகள் உருளையிலிருந்து மயிரிழை விலகினாலும் உச்சஸ்தாயி போய்விடும்.

சாயங்காலம் நேரம் இருந்தால் எர்ல்ஸ் கோர்ட் பக்கம் போகலாம். 1970 ஜனவரியில் வந்த பாரெட்டின் தனி ஆல்பத்தின் அட்டைப்படத்தில் தெரியும் பட்டை பட்டையாக வண்ணம் பூசிய மரத்தரை, அங்கே அவர் குடியிருந்த அடுக்குமாடி வீட்டினுடையது. அது தனியார் குடியிருப்பு, வெளியே இருந்து பார்க்கச் செங்கல்தான் தெரியும். விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை.

மூன்றாம் நாள்: ஏபி ரோடு

முதலில் ஓர் எச்சரிக்கை. லண்டன் ரயில் வரைபடத்தில் ‘ஏபி ரோடு’ என்று ஒரு நிலையம் இருக்கிறது. அது ஊரின் கிழக்குப் பகுதியில், டி.எல்.ஆர். என்ற இலகு ரயில் பாதையில். ஸ்டூடியோவுக்கு இறங்க வேண்டியது ஜூபிலி பாதையில் செயின்ட் ஜான்ஸ் வுட். அங்கிருந்து ஐந்து நிமிட நடை. ஸ்டூடியோ இன்னும் தொழில் செய்கிறது, உள்ளே விடமாட்டார்கள். பக்கத்தில் அவர்களுடைய கடை உண்டு. வாசலில் உள்ள வரிக்குதிரைக் கடவை பீட்டில்ஸ் ரசிகர்களுடையது. பொறுமையிழந்த ஓட்டுநர்களைத் தவிர்க்க அதிகாலையில் போய்விடுவது நல்லது.

1967-இல் இதற்குப் பெயர் ஈ.எம்.ஐ. ஸ்டூடியோஸ். இரண்டாம் ஸ்டூடியோவில் பீட்டில்ஸ் ‘சார்ஜன்ட் பெப்பர்’ செய்துகொண்டிருந்த அதே மாதங்களில், மூன்றாம் ஸ்டூடியோவில் நார்மன் ஸ்மித் தயாரிப்பில் பிங்க் ஃப்ளாய்டின் முதல் ஆல்பம் ‘தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்’ உருவானது. கென்னத் கிரகாமின் குழந்தைகள் நாவலில் ஏழாம் அத்தியாயத்தின் தலைப்பு அது. பதினோரு பாட்டில் எட்டு பாரெட் மட்டும் எழுதியவை. ஆகஸ்டில் வெளியானது. கேட்க நினைப்பவர்கள் மோனோ (ஒற்றைத் தட ஒலி) பதிப்பையும் தேடிப் பிடியுங்கள். அந்தக் காலத்தில் அக்கறையோடு மிக்ஸ் செய்தது அதைத்தான். ‘இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்’ இரண்டு பதிப்பிலும் வேறு வேறு மாதிரி ஒலிக்கும். ஸ்டீரியோவில் இரண்டு முறை வாசித்ததை ஒன்றன்மேல் ஒன்று வைத்தது தெளிவாகக் கேட்கும்.

வெளியான சில மாதத்திலேயே நிலைமை கெட்டது. எல்.எஸ்.டி. போதைப் பழக்கம், நிற்காத கச்சேரிகள், மேடையில் ஒரே ஸ்வரக்கூட்டை (chord) கச்சேரி முழுக்க அடிப்பது, சில நாள் அடிக்காமலே நிற்பது. 1968 ஜனவரியில் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் ஐந்தாவது ஆளாக வந்தார். பாரெட் வீட்டிலிருந்து பாட்டு எழுதட்டும், மேடைக்கு வேண்டாம் என்பது யோசனை. அந்த ஐவர் அணி வாசித்தது கைவிட்டு எண்ணும் அளவுக்குத்தான். ஜனவரி 26 அன்று சவுதாம்ப்டன் கச்சேரிக்குப் போகும் வழியில் அவரை ஏற்றிக்கொள்ள வண்டி நிற்கவில்லை. அவ்வளவுதான் பிரிவு. 

இங்கிருந்துதான் செல்வாக்கின் முதல் பாதி தொடங்குகிறது. கில்மோருக்கு முதலில் வந்த வேலை பாரெட்டின் பகுதிகளை அப்படியே வாசிப்பது. ஸ்லைடும் எக்கோரெக்கும் கைமாறின. கில்மோர் ஸ்வரத்தில் சுத்தமானவர், நீளமாக நிற்கத் தெரிந்தவர். அதனால் அதே கருவி வேறு குரலில் பேசியது. எக்கோரெக் எழுபதுகளிலும் அவர் பக்கத்திலேயே இருந்தது. ‘ஒன் ஆஃப் தீஸ் டேஸ்’ தொடக்கத்தில் குதிக்கும் பேஸ் அந்த உருளையின் வேலை.

இரண்டாம் பாதி, அதே மூன்றாம் ஸ்டூடியோவில் 1975-இல். ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்’ பாரெட்டைப் பற்றியது. ஒன்பது பகுதி, இரண்டாக வெட்டி ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்தின் முதலிலும் கடைசியிலும் வைத்தார்கள். ஏறத்தாழ நான்கு நிமிடம் கழித்துக் கில்மோரின் கிட்டார் நான்கு ஸ்வரம் மட்டும் தனியாக அடிக்கும். பி பிளாட், எஃப், ஜி, ஈ. மூன்றாம் தந்தியில் மூன்றாம் ஃப்ரெட், இரண்டாம் தந்தியில் ஆறாம் ஃப்ரெட், மூன்றாம் தந்தி திறந்தபடி, இரண்டாம் தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட். ஒன்றை அடித்தபின் விரலை எடுக்காமல் அடுத்ததும் சேர்ந்து ஒலிக்க விட வேண்டும். நறுக் நறுக்கென்று வெட்டி அடித்தால் அந்த வெறுமை வராது. மூன்றாவது அடி திறந்த தந்தி என்பதால் பக்கத்து விரல் அதில் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பலர் சறுக்குவது அங்கேதான். ஜி-யை ஸட்ஜமாக வைத்துப் பார்த்தால் க-நி-ஸ-த. கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள். ஜி மைனரின் சோகத்தில் நிற்க வேண்டிய இடத்தில் மைனர் ஸ்கேலுக்கு வெளியே உள்ள சதுசுருதி தைவதத்தில் போய் நிற்கிறது. முதல் ஸ்வரத்துக்கும் கடைசி ஸ்வரத்துக்கும் இடையே மூன்று முழுத் தொனி, மேற்கத்திய இசை தவிர்க்கப் பார்த்த இடைவெளி. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி ஒலிப்பது இதனால்.

1975 ஜூன் 5 அன்று, ஆல்ப வேலை நடந்துகொண்டிருக்கையில், மொட்டைத் தலையும் மழித்த புருவமும் பருத்த உடலுமாக ஒருவர் ஸ்டூடியோவுக்குள் வந்து நின்றார். பாரெட் என்று கண்டுபிடிக்கவே அவர்களுக்கு நேரமானது. அவரைப் பற்றிய எல்லாக் கட்டுரையிலும் இந்தச் சம்பவம் நிச்சயம் வரும். அதைவிடக் காதைக் கொடுக்க வேண்டியது ஒன்பதாம் பகுதியின் முடிவுக்கு. கடைசி வினாடிகளில் ரிச்சர்ட் ரைட் மினிமூக் சின்தசைசரில் ‘சீ எமிலி ப்ளே’ மெட்டின் ஒரு துண்டை வாசித்துவிட்டுப் போகிறார். ஒலி தேய்ந்துகொண்டே போகும் நேரம் என்பதால் ஹெட்ஃபோன் இல்லாமல் பிடிபடாது. ஸ்டூடியோ எதிரே நடைபாதையில் நின்று அதைக் கேட்டுப் பாருங்கள், கடவையில் நடக்கும் கூட்டத்தை மறந்துவிடுவீர்கள்.

நான்காம் நாள்: கேம்பிரிட்ஜ், ஹில்ஸ் ரோடு

கிங்ஸ் கிராஸிலிருந்து விரைவு ரயிலில் ஏறத்தாழ 50 நிமிடம். லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்தும் ரயில் உண்டு, ஆனால் நேரம் கூடும். பார்க்க வேண்டியதில் பாதி நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஊர் மையத்துக்குப் பேருந்து பிடிக்க வேண்டாம்.

நிலையத்துக்கு வடக்கே கிளிசன் ரோடு. 1946 ஜனவரி 6-இல் ரோஜர் கீத் பாரெட் பிறந்தது இந்தத் தெருவில். தெற்கே ஹில்ஸ் ரோட்டில் நடந்தால் ஹில்ஸ் ரோடு சிக்ஸ்த் ஃபார்ம் காலேஜ். அவர் காலத்தில் ஆண்கள் உயர்நிலைப் பள்ளி, வாட்டர்ஸும் அங்கேதான் படித்தார். இன்னும் கொஞ்சம் தள்ளி பிளின்கோ குரோவில் மார்லி மெமோரியல் ஆரம்பப் பள்ளி. அங்கே பாரெட்டுக்குப் பாடம் எடுத்தவர்களில் ஒருவர் வாட்டர்ஸின் தாயார் மேரி. வாட்டர்ஸ் வளர்ந்த ராக் ரோடு கூப்பிடு தூரம். கிழக்கு ரோட்டில் உள்ள ஆங்க்லியா ரஸ்கின் பல்கலைக்கழகம் அன்றைய தொழில்நுட்பக் கல்லூரி. மதிய இடைவேளையில் பாரெட்டும் கில்மோரும் கிட்டாரோடு உட்கார்ந்து பழகிய இடம். உலகம் சுற்றிய குழுவின் மூன்று ஆட்கள் ஒரு மணி நேர நடைக்குள் அடங்குகிறார்கள். பாரெட்டின் தந்தை ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையின் நோயியல் மருத்துவர், 1961-இல் இறந்தார். வாட்டர்ஸின் தந்தை 1944-இல் இத்தாலிப் போர்முனையில்.

எல்லா வீட்டிலும் இப்போது வேறு ஆட்கள் குடியிருக்கிறார்கள். நடைபாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குறிப்பாகச் செர்ரி ஹின்டன் ரோட்டுக்கு அப்பால் அவர் கடைசி வரை வாழ்ந்த வீட்டுக்குப் போகாதிருப்பது நல்லது. 1982-இல் லண்டனிலிருந்து எண்பது கிலோமீட்டர் நடந்தே ஊருக்குத் திரும்பியவர், அதன்பின் ‘சிட்’ என்ற பெயரையே விட்டுவிட்டார். ஓவியம் வரைந்தார், அதைப் புகைப்படம் எடுத்துவிட்டு ஓவியத்தை அழித்தார், தோட்டம் பார்த்தார், சைக்கிளில் கடைக்குப் போனார். கதவைத் தட்டி வந்த ரசிகர்களும் பத்திரிகைக்காரர்களும்தான் அவருக்குத் தொல்லை. 2006 ஜூலை 7-இல் கணையப் புற்றுநோயால் இறந்தார், வயது 60. ‘பைத்தியக்கார மேதை’ என்ற சொல்லை வைத்தே அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர் பாட்டின் கட்டமைப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை.

அந்தக் கட்டமைப்பைக் கேட்க இந்த நாளின் ரயில் பயணமே போதும். 1970-இல் வந்த இரண்டு தனி ஆல்பங்களையும் போட்டுக்கொள்ளுங்கள். சில பாட்டுகளில் அவர் தனியாகப் பாடிக் கிட்டார் அடித்ததை முதலில் பதிவு செய்து, அதன்மேல் சாஃப்ட் மெஷீன் குழுவினர் பின்னணி சேர்த்தார்கள். வழக்கமாகத் தாளம் முதலில், குரல் பிறகு. இங்கே தலைகீழ். சொல் நீண்டால் தாளமும் ஓர் அடி நீளும், மூச்சு முட்டினால் ஓர் அடி குறையும். டிரம்ஸ்காரர் எண்ணி வாசிக்க முடியாது, உதட்டைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும், அதுவும் பதிவில் உதடு ஏது. ‘நோ குட் டிரையிங்’ பாட்டில் அவர்கள் அரை நொடி பின்தங்கித் துரத்துவது கேட்கும். இதைக் கோளாறு என்று சொல்லிவிடலாம். ஆனால் முதல் ஆல்பத்தின் ‘பைக்’ பாட்டிலேயே இதே பழக்கம் உண்டு, அப்போது அவர் நல்ல நிலையில் இருந்தார். சொல்லுக்குத் தாளம் வளைய வேண்டும் என்பதே அவர் கட்சி.

ஐந்தாம் நாள்: ஆற்றங்கரை, கார்ன் எக்ஸ்சேஞ்ச்

காலையில் கிங்ஸ் கல்லூரியின் பின்புறம். குவீன்ஸ் ரோட்டு வாசலிலிருந்தே ஆற்றுக்கும் சேப்பலுக்கும் நடுவே உள்ள புல்வெளி தெரியும். பிங்க் ஃப்ளாய்டின் ‘பிரெய்ன் டேமேஜ்’ பாட்டில் வரும் புல், இந்தப் புல்தான் என்று வாட்டர்ஸ் சொல்லியிருக்கிறார். கல்லூரி ஃபெலோக்களைத் தவிர மற்றவர்கள் அதில் கால் வைக்கக் கூடாது. மிதித்தவனைப் பைத்தியம் என்கிறோமா, மிதிக்காதே என்பவனையா என்பதே அந்தப் பாட்டின் குசும்பு.

அங்கிருந்து நியூன்ஹாம் வழியாகக் கிராண்ட்செஸ்டர் புல்வெளிகளுக்கு முக்கால் மணி நேர நடை. 1969-இல் வாட்டர்ஸ் இந்தப் பெயரிலேயே ஒரு பாட்டு எழுதினார். மழைக்காலத்தில் பாதை சேறாகிவிடும், நல்ல ஷூ போடுங்கள்.

மாலையில் வீலர் ஸ்ட்ரீட், கார்ன் எக்ஸ்சேஞ்ச். 1972 பிப்ரவரியில் பாரெட் ‘ஸ்டார்ஸ்’ என்ற குழுவோடு அமெரிக்காவின் எம்.சி.5 ராக் குழு வந்த இரவில் இங்கே வாசித்தார். நிகழ்ச்சி சரியாக அமையவில்லை, அந்தக் குழுவும் நிலைக்கவில்லை. 2016-இல் அவருக்கு நினைவுச் சிற்பம் வைத்ததும் இதே கட்டடத்தில்தான். அது உள்ளே இருப்பதால் நிகழ்ச்சி உள்ள நாளாகப் பார்த்துப் போவது உத்தமம்.

பிங்க் ஃப்ளாய்டுக்கு வெளியே போன செல்வாக்கு தனிக்கணக்கு. டேவிட் போவி 1973-இல் ‘எமிலி’யை மறுபடி பாடினார். பங்க் இசை வந்தபோது பழைய ராக்கர்களைத் திட்டிக்கொண்டிருந்த தி டாம்ன்ட் குழு, தங்கள் இரண்டாம் ஆல்பத்தைத் தயாரிக்கத் தேடியது பாரெட்டை. அவர் கிடைக்காமல் வந்தவர் நிக் மேசன். ஜீசஸ் அண்ட் மேரி செயின் குழு 1984-இல் தன் முதல் சிங்கிளின் பின்பக்கத்தில் ‘விஜிடபிள் மேன்’ பாட்டை வைத்தது. பிங்க் ஃப்ளாய்ட் 1967-இல் பதிவு செய்துவிட்டு அடைத்து வைத்த பாட்டு அது, அதிகாரபூர்வமாக வெளியே வந்தது 2016-இல். கள்ளப் பிரதி வழியாகவே ஒரு பாட்டு இரண்டு தலைமுறை தாண்டியிருக்கிறது.

2018-இல் மேசன் தொடங்கிய ‘சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்’ குழு, முப்பட்டகத்துக்கு முந்தைய பாட்டுகளை மட்டுமே வாசிக்கிறது. ‘ஆர்னால்ட் லேன்’, ‘பைக்’, ‘விஜிடபிள் மேன்’ எல்லாம் உண்டு. அவர்களுடைய நிகழ்ச்சித் தேதிகளைப் பார்த்துவிட்டு ரயில் டிக்கெட்டை அதற்கேற்பப் போடுங்கள். திரும்பும் ரயிலில் விரைவு வண்டிதானா என்று பார்த்து ஏறுங்கள், எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டியில் ஏறினால் நேரம் கணிசமாகக் கூடும்.